கொசு வீட்டுக் கல்யாணம்

சென்ற ஐப்பசியில் ஒரு நாள். வெளியே அடைமழை. கூடத்தில் உட்கார்ந்து அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். திடீரென்று 'பட்' என்று ஒரு சத்தம். முழங்கையில் உட்கார்ந்த கொசுவை அடித்துவிட்டு, உள்ளங்கையை மூக்குக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"அட, இது குட்டிக் கொசு! அம்மாக் கொசு இன்னும் பெரிசா இங்கேயே எங்கேயோ சுத்திக்கிட்டிருக்கும். அதைத் தேடிப் பிடிக்கணும்" என்றாள்.

விலங்கியல் படிக்கும் என் பெண் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"அத்தைப் பாட்டி, பறக்கிற கொசுவிலே குட்டியே கிடையாது."

"என்னடி சொல்றே? குட்டி இல்லாம அம்மா மட்டும் எங்கேயிருந்து வந்தா?"

நியாயமான கேள்விதான். என் பெண் சிரித்துவிட்டாள். ஆனால் அன்று தொடங்கிய பேச்சு, சிரிப்போடு முடியவில்லை. ஏனென்றால் எங்கள் வீட்டில் கொசு என்பது சிரிப்பதற்குரிய விஷயம் அல்ல. அதற்கு முந்திய மழைக் காலத்தில் இதே பெண் டெங்குக் காய்ச்சலில் பத்து நாள் படுத்துக் கிடந்தாள். ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போன அந்த நாட்களில், ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து நான் வேண்டிக்கொள்ளாத தெய்வம் இல்லை.

அதனால் அத்தையும் கொசுவோடு யுத்தம் நடத்தித்தான் வருகிறாள். கொல்லைப்புறத்தில் இருக்கும் தண்ணீர் டிரம்மில் புழுக்கள் நெளிவதைக் கண்டால், டீ வடிகட்டியை எடுத்துக்கொண்டு போய், கண்ணில் பட்டதை எல்லாம் அள்ளி வெயிலில் கொட்டிவிடுவாள். தண்ணீரைக் கொட்ட மட்டும் மனம் வராது. "பாதிப் புழு போயிடுச்சு. இனிமே பாதிக் கொசுதான்" என்று திருப்தியோடு உள்ளே வருவாள்.

பாதிப் புழு போனால் பாதிக் கொசுவா? இந்தக் கணக்கு சரியா, தப்பா? இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முதலில் கொசு வீட்டுக் கல்யாணத்தை நாம் எட்டிப் பார்த்தாக வேண்டும்.

பிறக்கும்போதே பெரியவர்கள்

கோழிக் குஞ்சு கோழியாகிறது. கன்று பசுவாகிறது. ஆனால் கொசுவும், பட்டுப் பூச்சியும், தேனீயும், வண்டும் வேறு ஜாதி. இவற்றின் வளர்ச்சி எல்லாம் புழுப் பருவத்தோடு சரி. புழு தின்கிறது, பெருக்கிறது, பழைய தோல் போதாமல் போகும்போது சட்டை மாற்றுவதுபோல் உரித்துப் போடுகிறது. பிறகு கூட்டுப்புழுவாகிறது. அதிலிருந்து சிறகு முளைத்து வெளியே வந்துவிட்டால், அதன்பின் உடம்பு ஒரு நூலளவும் வளராது. வெளித்தோல் கவசம்போல் இறுகிவிடுகிறது.

ஆகவே அத்தை அடித்த சின்னக் கொசு குழந்தை அல்ல. கல்யாண வயது வந்த கொசுதான். புழுவாக இருந்தபோது வயிறார உண்ணாததால் குள்ளமாகிவிட்டது, அவ்வளவே.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் ஈஜிப்தி என்ற கொசுவையே எடுத்துக்கொள்வோம். கறுப்பு உடம்பில் வெள்ளை வரிகளும், முதுகில் வீணையைப் போன்ற ஒரு வெள்ளைக் கோலமும் போட்டிருக்கும் அழகி. அதன் புழு, தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களையும் மக்கிய இலைத் தூளையும் தின்று, நான்கு தடவை தோல் உரிக்கிறது. நல்ல வெதுவெதுப்பும் நல்ல தீனியும் இருந்தால் ஏழெட்டு நாளில் முட்டையிலிருந்து கொசுவாகிவிடும். பந்தியில் கூட்டம் அதிகமாகி, இலையில் விழுவது குறைந்தால், வாரக் கணக்கில் இழுத்துக்கொண்டு, கடைசியில் குள்ளக் கொசுவாக எழும்பும்.

கொசுவின் பருமனை விஞ்ஞானிகள் எதைக்கொண்டு அளக்கிறார்கள் தெரியுமா? வயிற்றை அளந்து பயனில்லை. ரத்தம் குடித்தால் உப்பும், ஜீரணமானால் வற்றும். அதனால் சிறகின் நீளத்தை அளக்கிறார்கள். அது மாறாது. பட்டினியில் வளர்ந்த பெண் கொசுவின் சிறகு 2 மில்லிமீட்டர் இருக்கும். செழிப்பாக வளர்ந்ததன் சிறகு 3 மில்லிமீட்டர் இருக்கும்.

"ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் ஒரு வித்தியாசமா?" என்று கேட்காதீர்கள். இரண்டங்குல நீள, அகல, உயரத்தில் ஒரு மைசூர்பாகும், மூன்றங்குல நீள, அகல, உயரத்தில் இன்னொரு மைசூர்பாகும் செய்து, இரண்டையும் ஓர் அங்குலத் துண்டுகளாக வெட்டிப் பாருங்கள். முதலாவதில் 8 துண்டு கிடைக்கும். இரண்டாவதில் 27! கொசுவின் உடம்பும் இதே கணக்குப்படிதான். சிறகில் ஒன்றரை மடங்கு என்றால், உடம்பில் மூன்று மடங்குக்கு மேல்.

தாயின் சீதனம்

இந்தப் பருமன் பெண் கொசுவுக்கு எதற்கு? அழகுக்கா? இல்லை. முட்டைக்கு.

உடம்பு பெரிதானால் முட்டை விளையும் குழல்கள் அதிகம். ஒரே மூச்சில் குடிக்கக்கூடிய ரத்தமும் அதிகம். பெண் கொசு ஒரு வேளையில் ஏறக்குறைய தன் எடைக்கு நிகரான ரத்தத்தைக் குடிக்கிறது. (நாம் ஒரு வேளைச் சாப்பாட்டில் ஐம்பது கிலோ சாப்பிடுவதாகக் கற்பனை செய்து பாருங்கள்!) அந்த ரத்தத்திலுள்ள புரதத்தைக் கொண்டுதான் முட்டைகளை வளர்க்கிறது. நன்கு வளர்ந்த ஏடிஸ் ஒரு ஈட்டுக்கு நூறு முட்டை வரை இடுகிறது. சில சமயம் அதற்கும் மேல். குள்ளமானது அதில் பாதியோ, அதற்கும் குறைவோ இடும்.

"அப்படியானால் குள்ளக் கொசு நமக்கு நல்லதுதானே?" என்று கேட்டாள் அத்தை.

இங்கேதான் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஏழையாய்ப் பிறந்த குள்ளக் கொசுவின் உடம்பில் சேமிப்பு ஒன்றும் இல்லை. முதலில் குடித்த ரத்தம், அதன் சொந்த உடம்பைத் தேற்றிக்கொள்ளவே செலவாகிவிடுகிறது. முட்டைக்கு மிச்சம் இல்லை. ஆகவே முதல் ஈடு முட்டை வைப்பதற்குள் அது இரண்டாம் தடவையும் கடிக்க வருகிறது. சில வேளை மூன்றாம் தடவையும். ஒருவரைக் கடித்துவிட்டு மற்றொருவரைக் கடித்தால்தானே நோய் பரவுகிறது? பெரிய கொசு முட்டைகளைக் கொட்டித் தொல்லை தருகிறது. சின்னக் கொசு அடிக்கடி கடித்துத் தொல்லை தருகிறது. இரண்டில் எதையும் நாம் சீராட்டத் தேவையில்லை.

ஸ ப ஸ்வரமும் ஒரு சரசமும்

இனி மாப்பிள்ளை வீட்டுக்குப் போவோம்.

ஆண் கொசு பெண்ணைவிடச் சின்னது. அது கடிப்பதே இல்லை. பூவின் தேனையும் செடியின் இனிப்புச் சாற்றையும் குடித்துவிட்டுச் சாதுவாகத் திரிகிறது. முட்டை சுமக்கும் பொறுப்பு இல்லாததால், புழுப் பருவத்தைச் சீக்கிரமே முடித்துக்கொண்டு, பெண்ணுக்கு முந்தியே வெளியே வந்துவிடுகிறது. நம் ஊர்க் கல்யாணங்களில் மாப்பிள்ளை அழைப்பு முதலில் நடப்பதில்லையா, அதுபோல! ஆனால் வந்த அன்றே கல்யாணம் செய்துகொள்ள அதனால் முடியாது. அதன் வாலின் நுனிப் பகுதி ஒரு நாள் போல எடுத்துக்கொண்டு அப்படியே அரை வட்டம் திரும்பி அமைந்த பிறகுதான் அது கல்யாணத்துக்குத் தகுதி பெறுகிறது.

ஆண் கொசு பெண்ணை எப்படி அடையாளம் கண்டுகொள்கிறது? காதால்! காது என்பது தலையிலுள்ள உணர்கொம்புகளின் அடியில் இருக்கிறது. ஜான்ஸ்டன் என்ற அமெரிக்கர் 1855-ல் இதை விவரித்ததால் இன்றும் அதற்கு ஜான்ஸ்டன் உறுப்பு என்றே பெயர். லூயி ராத் என்ற விஞ்ஞானி 1948-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில் ஒரு வேடிக்கையைக் காட்டினார். இசைக் கவையைத் தட்டிப் பெண் கொசுவின் ரீங்காரத்தை எழுப்பினால், ஆண் கொசுக்கள் அந்த ஒலியை மணப்பெண் என்று நம்பி ஓடி வந்தன!

பெண்ணின் உடம்பு பெரிது, சிறகு பெரிது, அதனால் அது அடிக்கும் வேகம் குறைவு. விநாடிக்குச் சுமார் 400 தடவை. ஆணின் சிறகு சின்னது. அது சுமார் 600 தடவை அடிக்கிறது. 400-க்கும் 600-க்கும் உள்ள உறவு என்ன? இரண்டுக்கு மூன்று. சங்கீதம் கற்றவர்கள் சட்டென்று புரிந்துகொள்வார்கள். அது ஷட்ஜமத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள உறவு! தம்பூராவில் நாம் மீட்டும் அதே ஸ, ப.

2009-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் இதை இன்னும் நுட்பமாகக் கேட்டுப் பார்த்தார்கள். ஆணும் பெண்ணும் அருகருகே பறக்கும்போது, இரண்டும் தங்கள் சுருதியைச் சிறிது சிறிதாகக் கூட்டியும் குறைத்தும், பெண்ணின் மூன்றாம் மேலொலியும் ஆணின் இரண்டாம் மேலொலியும் விநாடிக்கு 1200 அதிர்வு என்ற ஒரே இடத்தில் சேரும்படி செய்துகொள்கின்றன. சுருதி சேர்ந்தால்தான் கல்யாணம்! ராத்திரி காதருகே 'ஙொய்ய்' என்று கேட்கும்போது நாம் எரிச்சல்படுகிறோம். அதுவே அந்த ஜாதிக்கு நாதசுரம்.

கல்யாணம் சில விநாடிகளில் பறந்தபடியே முடிந்துவிடுகிறது. ஆனால் அதன் பலன் ஆயுள் முழுவதும் நிற்கிறது. பெண் கொசு தான் பெற்ற விந்தணுக்களை வயிற்றிலுள்ள மூன்று சின்னஞ்சிறு உருண்டைப் பைகளில் பத்திரப்படுத்தி, வாழ்நாளில் இடும் முட்டைகளுக்கெல்லாம் அதையே சிறுகச் சிறுகச் செலவழிக்கிறது. அது மட்டுமல்ல. ஆண் தரும் திரவத்தில் உள்ள ஒரு பொருள், அந்தப் பெண்ணை இனி வேறு ஆணை ஏற்காதபடி செய்துவிடுகிறது. ஜார்ஜ் கிரெய்க் என்ற விஞ்ஞானி இதை 1967-ல் வெளியிட்டார். ஆகவே ஏடிஸ் பெண் பெரும்பாலும் ஒரே ஒரு கணவனோடு வாழ்க்கையை முடித்துக்கொள்கிறது. ஆண் மட்டும் பல கல்யாணம் செய்துகொள்ளத் தயார்!

இதில்தான் ஆணின் பருமனுக்கும் மதிப்பு வருகிறது. பெரிய ஆணின் உடம்பில் விந்தணு அதிகம் என்று 2007-ல் வந்த ஓர் ஆராய்ச்சி எண்ணிச் சொல்லியது. பல பெண்களைத் தேடி அலையவும் அதற்குத் தெம்பு இருக்கிறது. குள்ள ஆணின் கைமுதல் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

வாட்டசாட்டமான மாப்பிள்ளையா, குட்டை மாப்பிள்ளையா?

இவ்வளவையும் கேட்ட அத்தை, "அப்போ பெரிசுதான் எப்பவும் ஜெயிக்கும்னு சொல்லு" என்றாள்.

இல்லை! பூச்சி உலகத்தில் பெண் விஷயத்தில் ஏறக்குறைய ஒரே சட்டம்தான்: பெரிய தாய்க்கு அதிக முட்டை. பூச்சிகளில் பெரும்பாலும் பெண்ணே பெரிதாக இருப்பதற்கு இதுதான் காரணம் என்று டார்வின் 1871-லேயே எழுதினார். ஆனால் ஆண் விஷயத்தில் இனத்துக்கு இனம் சட்டம் மாறுகிறது.

ஆஸ்திரேலியாவின் மேற்குப் பகுதியில் காய்ந்த களிமண் தரையில் குடியிருக்கும் ஒரு தேனீ இனம் உண்டு. டாசன் தேனீ என்று பெயர். ஒவ்வொரு தாயும் தனித்தனியாக மண்ணில் வளை தோண்டி, அறை கட்டி, மகரந்தமும் தேனும் கலந்த கூழை வைத்து, ஒரு முட்டையிட்டு மூடிவிடுகிறது. எந்தப் பிள்ளைக்கு எத்தனை கூழ் என்று தாய்தான் அளக்கிறாள். அதிகக் கூழ் கிடைத்த மகன் தடியன். குறைவாகக் கிடைத்தவன் குள்ளன். தடியர்கள், பெண் தேனீக்கள் தரையைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும் வாசலில் காத்திருந்து ஒருவரோடு ஒருவர் உயிர் போகும்படி மல்யுத்தம் செய்கிறார்கள். பெண்களில் பெரும்பாலோர் அந்த வெற்றி வீரர்களுக்கே. குள்ளர்கள் சண்டைக்குப் போவதில்லை. ஊர் எல்லையிலும் பூச்செடிகளின் பக்கத்திலும் சுற்றிக்கொண்டிருந்து, வாசல் காவலர்கள் தவறவிட்ட பெண்களைச் சந்திக்கிறார்கள்!

சாணி வண்டுகளின் கதை இதைவிட வேடிக்கை. பனாமா நாட்டுத் தீவு ஒன்றில் டக்ளஸ் எம்லன் என்பவர் 1990-களில் இதை ஆராய்ந்தார். நன்றாகத் தின்று வளர்ந்த ஆண் வண்டுக்குத் தலையில் இரண்டு கொம்பு முளைக்கிறது. அது, பெண் இருக்கும் சுரங்கத்தின் வாசலில் வாயிற்காப்போன் மாதிரி நின்று, வருகிறவனைக் கொம்பால் நெட்டித் தள்ளுகிறது. அரைப் பட்டினியில் வளர்ந்த ஆணுக்குக் கொம்பு இல்லை. அது என்ன செய்கிறது? சத்தம் போடாமல் பக்கத்திலேயே இன்னொரு சுரங்கம் தோண்டி, காவல்காரனுக்குத் தெரியாமல் பக்கவாட்டில் அந்தப்புரத்துக்குள் நுழைந்துவிடுகிறது! கொம்பு இருந்தால் அந்தக் குறுகிய வழியில் முட்டிக்கொள்ளும். இல்லாததே அங்கே சௌகரியம்.

குளத்தங்கரையில் மாலை வேளையில் தூண் தூணாகக் கூட்டம் கூடிப் பறக்கும் ஒரு வகைப் பூச்சியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கொசுவைப் போலவே இருக்கும், கடிக்காது. அந்தக் கூட்டத்தில் பெண் நுழைந்தவுடன் ஆண்கள் அந்தரத்தில் குட்டிக்கரணம் போட்டுப் பிடிக்க வேண்டும். அங்கே கனத்த உடம்பு பாரம். லேசான உடம்புதான் லாபம். இங்கிலாந்து ஆராய்ச்சியாளர்கள், இந்தப் பூச்சியில் சின்ன ஆண்களே முந்திக்கொள்வதைக் கண்டார்கள்.

ஆகவே வாசல் காக்கும் இடத்தில் தடியன் ஜெயிக்கிறான். ஒளிந்து நுழையும் இடத்திலும் காற்றில் வித்தை காட்டும் இடத்திலும் குட்டையன் ஜெயிக்கிறான். குட்டை மாப்பிள்ளையைக் குறை சொல்கிறவர்கள் கவனிக்க!

"எல்லாம் பெரிசாவே வளர்ந்துட்டா நல்லதுதானே, ஏன் வளரலே?" என்று அத்தை கேட்டாள். காத்திருக்கும் செலவுதான் காரணம். பெரிதாக வளரப் புழுப் பருவத்தை நீட்ட வேண்டும். ஒவ்வொரு நாள் நீட்டும்போதும், மீன் தின்றுவிடலாம், தொட்டி வற்றிவிடலாம், அத்தையின் வடிகட்டி வந்துவிடலாம்! எப்போது நிறுத்திக்கொள்வது என்பதே புழுவின் வாழ்க்கைப் பிரச்னை.

ராணியும் பட்டும்

புழுவின் சாப்பாடு தலைவிதியையே மாற்றும் என்பதற்கு மிகப் பெரிய சாட்சி நாம் அறிந்த தேனீக் கூடு. அங்கே ஒரே விதமான முட்டையிலிருந்துதான் ராணியும் வருகிறாள், வேலைக்காரியும் வருகிறாள். எல்லாப் புழுக்களுக்கும் முதல் மூன்று நாள் ராயல் ஜெல்லி என்ற கூழ் கிடைக்கிறது. பிறகு மற்றவைக்கு மகரந்தமும் தேனும். ராணியாகப் போகிறவளுக்கு மட்டும் கடைசி வரை ராயல் ஜெல்லியே. அவள் 16 நாளில் பெரிய உடம்போடு வெளிவருகிறாள். வேலைக்காரிக்கு 21 நாள் ஆகிறது. ராணி, நல்ல பருவத்தில் ஒரு நாளைக்கு ஆயிரத்து ஐந்நூறு முட்டைகூட இடுவாள். வேலைக்காரியின் சூலகமோ வளராமலே நின்றுவிடுகிறது.

நம் பட்டுப் புடவைக்கு நூல் தரும் பட்டுப் பூச்சி இன்னும் ஒரு படி மேல். சிறகு முளைத்த பிறகு அது ஒரு வாய் கூடச் சாப்பிடுவதில்லை. சாப்பிட வாயே சரியாக அமைவதில்லை. பெண் இடும் நானூறு, ஐந்நூறு முட்டைகளும், அது புழுவாக இருந்தபோது கடித்த முசுக்கொட்டை இலையிலிருந்து வந்தவை. சுமார் ஒரு மாதத்துக்குள் அந்தப் புழுவின் எடை பத்தாயிரம் மடங்கு ஏறுகிறது! முட்டை தயாரிக்கும் பண்ணைகளில், கூட்டைப் பிரிக்காமலே எடையைப் பார்த்து ஆணையும் பெண்ணையும் பிரித்துவிடுவார்கள். கனமானது பெண்.

பருத்த பெண் பூச்சி நகராமல் உட்கார்ந்திருக்கும். ஒல்லியான ஆண்தான் சிறகடித்துத் தேடி வர வேண்டும். வரவழைப்பது வாசனை. அந்த வாசனைப் பொருளை ஜெர்மன் ரசாயன நிபுணர் பூட்டெனான்ட் 1959-ல் பிரித்தெடுத்தார். அதற்கு அவர் ஐந்து லட்சம் பெண் பூச்சிகளைப் பயன்படுத்த வேண்டியிருந்தது!

ஆண் சின்னது, பெண் பெரிது என்ற இதே வித்தியாசம் இன்று கொசு ஒழிப்புக்கும் உதவுகிறது. சிங்கப்பூரில் 2016-லிருந்து, உல்பாக்கியா என்ற பாக்டீரியாவைச் சுமந்த ஆண் ஏடிஸ் கொசுக்களை வளர்த்து வெளியே விடுகிறார்கள். அவை சாதாரணப் பெண் கொசுவை மணந்தால் அந்த முட்டைகள் பொரிப்பதில்லை. பெண் கொசு கடிக்குமே, அதை எப்படி ஒதுக்குவது? கூட்டுப்புழுவாக இருக்கும்போதே பருமனைக் கொண்டு ஆணைத் தனியே பிரித்துவிடுகிறார்கள். நம் வீட்டில் மாவு சலிப்பதுபோலத்தான். அந்த ஆண்களையும் அரைப் பட்டினி போடக் கூடாது. வெளியில் இருக்கும் மாப்பிள்ளைகளோடு போட்டி போட வேண்டுமே!

இருபது இட்லிக் கணக்கு

இப்போது நம் கொல்லைப்புறத்து டிரம்முக்குத் திரும்புவோம்.

இருபது குழந்தைகள் பசியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். இருபது இட்லிதான் இருக்கிறது. ஆளுக்கு ஒன்று. எல்லாருக்கும் அரை வயிறு. இப்போது பத்துக் குழந்தைகளை யாரோ எழுப்பி அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். மீதிப் பத்துப் பேருக்கு என்ன ஆயிற்று? ஆளுக்கு இரண்டு இட்லி!

அத்தையின் வடிகட்டி செய்த வேலை இதுதான். நெரிசலான டிரம்மில் பல புழுக்கள் தாமாகவே பட்டினியில் செத்துப் போயிருக்கும். தப்பியவையும் குள்ளக் கொசுக்களாக, தாமதமாக எழுந்திருக்கும். அத்தை பாதியை அள்ளிவிட்டவுடன் மிச்சம் இருந்தவற்றுக்கு விருந்து! அவை சீக்கிரம் வளர்ந்து, சாகாமல் தப்பி, பெரிய சிறகோடு, நிறைய முட்டைக்குத் தயாராக வெளியே வருகின்றன.

இது என் கற்பனை அல்ல. அகுடெலோ சில்வா, ஸ்பீல்மன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்து 1984-ல் வெளியிட்டார்கள். நெரிசலில் வளரும் கொசுப் புழுக்களில் ஒரு பங்கை நீக்கிவிட்டால், வெளிவரும் கொசுக்களின் எண்ணிக்கை குறையாமல் இருப்பதும், சில வேளை கூடிவிடுவதும் உண்டு என்று கண்டார்கள். மருந்து தெளிப்பவர்களுக்கும் இது பாடம்தான். அரைகுறையாக விட்ட மருந்து, பிழைத்த புழுக்களுக்கு ஊட்டச் சத்து கொடுத்தது மாதிரி!

இதை என் பெண் விளக்கி முடித்தபோது அத்தையின் முகம் வாடிவிட்டது. கையிலிருந்த கீரைக் கட்டை அப்படியே வைத்துவிட்டாள்.

"அப்படின்னா இத்தனை நாளா நான் கொசுவுக்குச் சோறு போட்டு வளர்த்தேனா? உனக்குக் காய்ச்சல் வந்ததுக்கு நான்தான் காரணமா?" என்றாள் மெல்லிய குரலில்.

என் பெண் எழுந்து போய் அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். "அதெல்லாம் இல்லே, அத்தைப் பாட்டி. என்னைக் கடிச்ச கொசு எங்கேயிருந்து வந்ததுன்னு யாருக்குத் தெரியும்? காலேஜிலேயிருந்துகூட வந்திருக்கலாம். நீங்க மத்தவங்களைப் போலச் சும்மா உட்கார்ந்திருக்கலையே. செஞ்ச வேலையை முழுசாச் செய்யணும், அவ்வளவுதான்."

முழு வேலை என்றால் என்ன?

சகோதரிகளே, வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அது வெள்ளிக்கிழமை. முட்டை கொசுவாவதற்கு ஏழெட்டு நாளாவது வேண்டும் என்றேன் அல்லவா? ஏழு நாளுக்கு ஒரு தடவை தண்ணீரை முழுவதும் இறைத்துவிட்டால் எந்தப் புழுவும் சிறகு கட்டாது. கொட்ட மனம் வராவிட்டால், அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள். மண்ணில் விழுந்த புழு பிழைக்காது. தண்ணீரும் வீணாகாது.

ஆனால் இறைத்தால் மட்டும் போதாது. ஏடிஸ் தன் முட்டைகளைத் தண்ணீரின் மேல் மிதக்க விடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில் ஒட்டி வைக்கிறது. எள்ளைவிடச் சிறிய கறுப்புப் புள்ளிகள். தொட்டி காய்ந்து கிடந்தாலும் மாதக் கணக்கில் உயிரோடு காத்திருந்து, அடுத்த தண்ணீர் வந்ததும் பொரித்துவிடும். அதனால் தேங்காய் நாரோ பிரஷோ கொண்டு உட்சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு மூடி போட்டோ, துணி கட்டியோ, ஒரு விரல் இடுக்குக்கூட இல்லாமல் மூட வேண்டும்.

டிரம்மை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் தண்ணீர் வடியும் தட்டு, பூந்தொட்டியின் அடித் தட்டு, மொட்டை மாடியில் எறிந்த தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், ஆட்டுக்கல்லின் குழி, ஏர் கூலர், பூஜை அறையில் பூ மிதக்கும் உருளி... ஒரு டம்ளர் தண்ணீர் போதும், கொசு வீட்டில் கல்யாணப் பந்தி போட!

அந்த வெள்ளிக்கிழமை காலையில் கொல்லைப்புறத்தில் ஏதோ உருளும் சத்தம் கேட்டு ஓடிப் போய்ப் பார்த்தேன். டிரம் தலைகீழாகக் கிடந்தது. தண்ணீர் எல்லாம் வாழைப் பாத்தியில் ஓடிக்கொண்டிருந்தது. அத்தை புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கையில் தேங்காய் நாரோடு, டிரம்முக்குள் பாதி உடம்பை நுழைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். என் பெண் டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வடிகட்டி எங்கே, அத்தை?" என்று கேட்டேன்.

"டீ வடிகட்டுற வேலைக்கே அனுப்பிட்டேன்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "இனிமே இந்த வீட்டுலே கொசுவுக்குக் கல்யாணமும் கிடையாது, சீமந்தமும் கிடையாது!"